விளக்கை எங்கே வைப்பது? தீப்பெட்டிப் படங்களும் 180 வருட வெளிச்சமும்

கோவில்பட்டியில் இருக்கும் என் தாய்மாமாவிடம் ஐந்து பேரேடுகள் இருக்கின்றன. கணக்கு எழுதும் சாதாரணப் பேரேடுகள்தான். ஆனால் உள்ளே கணக்கு இல்லை. பக்கத்துக்குப் பன்னிரண்டாக, மைதா பசை போட்டு ஒட்டிய தீப்பெட்டி லேபிள்கள். எண்ணிப் பார்த்தோம், 3,140 தேறியது. மாமா சிவகாசியில் லித்தோ அச்சகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். பள்ளிக்கூட வயதில் சேர்க்க ஆரம்பித்தது, ஓய்வு பெறும்வரை நிற்கவில்லை.

போன வருஷம் மாமாவுக்குக் கண்ணில் பிரச்சினை வந்தது. விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போய், நேராகப் பார்ப்பது மட்டும் மங்கல். கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், அதுவும் ஒன்றோடு முடியாது. செலவுக்காக பேரேடுகளை விற்றுவிடலாம் என்று அவரே முடிவு செய்தார். வெளியூர் சேகரிப்பாளர் ஒருவர் வாங்கிக்கொள்ளத் தயார். ஆனால் விலங்குப் படங்கள் உள்ள இரண்டு பேரேடு மட்டும் போதும் என்றார். ஆக, எல்லாம் ஒன்றாக இருக்கப்போவது இன்னும் சில வாரம்தான். "மாப்ளே, போறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒரு போட்டோ எடுத்துக் குடுத்துரு. டிவியில பெருசா போட்டா எனக்குக் கொஞ்சம் தெரியும்" என்றார்.

இதென்ன பெரிய வேலை, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். கூடத்து டியூப் லைட்டுக்குக் கீழே பேரேட்டை விரித்து, குனிந்து, செல்போனில் நாற்பது பக்கம் எடுத்தேன். பிறகு டிவியில் போட்டுப் பார்த்தோம். வார்னிஷ் பூசிய லேபிள்களில் எல்லாம் டியூப் லைட் ஒரு வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது. வார்னிஷ் இல்லாதவற்றில் என் தலையின் நிழல். மாமா திரைக்குப் பக்கத்தில் போய், ஓரக்கண்ணால் ரொம்ப நேரம் பார்த்தார். "இந்தச் சிவப்பு நாங்க அடிச்ச சிவப்பு இல்லையே. செங்கல் மாதிரில்ல இருக்கு" என்றார். கண் மங்கினவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

நாற்பதையும் அழித்தேன். சின்னச் சின்னத் தட்டைப் பொருட்களை ஆயிரக்கணக்கில் படமெடுக்க வேண்டி வந்த முதல் ஆள் நானாக இருக்க முடியாது, எனக்கு முன்னால் இதைச் செய்தவர்கள் விளக்கை எங்கே வைத்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன். வழக்கம்போல தேடல் வேலையை விடப் பெரிசாகிவிட்டது. அதன் குறிப்புகள்தான் இது.

திறந்த வெளியில் ஒரு நூலகம்

இந்தத் தேவை புகைப்படக்கலை பிறந்தபோதே பிறந்துவிட்டது. காகிதத்தில் நெகடிவ் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்த இங்கிலாந்துக்காரர் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், 1844 முதல் 1846 வரை 'தி பென்சில் ஆஃப் நேச்சர்' என்ற புத்தகத்தை ஆறு பகுதிகளாக வெளியிட்டார். புகைப்படங்களை ஒட்டி விற்பனைக்கு வந்த ஆரம்பகாலப் புத்தகங்களில் முக்கியமானது. அதில் 24 படங்கள். மூன்றாவது படம், அலமாரித் தட்டுகளில் அடுக்கிய பீங்கான் சாமான்கள். அதற்கு அவர் எழுதிய விளக்கம் சுவாரசியமானது: ஒரு சேகரிப்பாளரின் சாமான்களைப் பட்டியல் எழுதுகிற நேரத்தைவிடச் சற்றே அதிக நேரத்தில் அத்தனையையும் படமாக்கிவிடலாம், பின்னால் ஏதாவது திருடு போனால் அந்தப் படத்தை நீதிமன்றத்தில் காட்டலாம் என்கிறார். ஆக, என் மாமா கேட்டது 180 வருஷம் பழைய யோசனை.

அதே புத்தகத்தில் ஒரு பழைய அச்சுப் பக்கத்தின் நகலும், ஒரு லித்தோ படத்தின் நகலும் உண்டு. அச்சுப் பக்கத்துக்கு அவர் காமிராவையே பயன்படுத்தவில்லை. உணர்தாளின் மேல் பக்கத்தை நேராக வைத்து அழுத்தி வெளிச்சம் காட்டிவிட்டார். தட்டையான பொருளுக்கு அதுவே சுலபம். நிழலும் இல்லை, பளபளப்பும் இல்லை. ஆனால் பேரேட்டில் ஒட்டிய லேபிளுக்கு அது சரிவராது.

இன்னொரு படம், நூலகக் காட்சி. இரண்டு தட்டில் புத்தகங்கள், முதுகு தெரிய. பார்த்தால் ஏதோ வீட்டு நூலகம் என்றுதான் தோன்றும். உண்மையில் அந்தப் புத்தகங்களை வீட்டுக்கு வெளியே, திறந்த வெளியில் அடுக்கி வைத்துத்தான் எடுத்தார்கள். அன்றைய உணர்தாளுக்கு அறைக்குள் இருந்த வெளிச்சம் போதவில்லை.

வெளிச்சம் நிறையக் கிடைப்பது மட்டுமல்ல, வானத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு. விளக்கிலிருந்து தூரம் இரு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகிவிடும். பள்ளிக்கூடத்தில் படித்த அதே எதிர்விகித இருமடி விதிதான். விளக்கு பேரேட்டின் ஒரு ஓரத்திலிருந்து 50 செ.மீ., மறு ஓரத்திலிருந்து 80 செ.மீ. என்றால், இரண்டு ஓரத்துக்கும் இடையே வெளிச்ச வித்தியாசம் இரண்டரை மடங்கு. அதே விளக்கை ஒரு மீட்டர் தள்ளிப்போட்டு 150, 180 என்று வைத்தால் ஒன்றரை மடங்குக்கும் கீழே இறங்கிவிடும். சூரியன் பதினைந்து கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதற்கு என் பேரேட்டின் இரண்டு ஓரமும் ஒன்றேதான். வித்தியாசமே கிடையாது.

கூரை மேல் கண்ணாடி அறை

1850களில் பிரிட்டிஷ் மியூசியம் ரோஜர் ஃபென்டன் என்பவரைப் புகைப்படக்காரராக அமர்த்தியது. கிரிமியப் போர்ப் படங்களால் பெயர் பெற்றவர் இவரேதான். மியூசியத்தின் கூரை மேல் அவருக்குக் கண்ணாடியால் ஒரு அறை கட்டிக் கொடுத்தார்கள். அங்கே ஏறி வந்த ஆரம்பகாலப் பொருட்களில், இன்றைய ஈராக்கிலிருந்து வந்து குவிந்த களிமண் பலகைகளும் அடக்கம். ஆப்பு வடிவ எழுத்து பொறித்தவை. பல பலகைகள் உள்ளங்கை அளவுதான்.

இங்கேதான் பிரச்சினை மாறுகிறது. என் லேபிளில் எழுத்து என்பது மை. களிமண் பலகையில் எழுத்து என்பது பள்ளம். நாலாபக்கமும் சமமாக வெளிச்சம் விழுந்தால் பள்ளத்துக்கு நிழல் கிடையாது. நிழல் இல்லையென்றால் எழுத்தும் கிடையாது. வெளிச்சம் ஒரு பக்கமிருந்து, அதுவும் சாய்வாக வர வேண்டும். எந்தப் பக்கம்? மேல் இடது மூலையிலிருந்து என்பது தொல்பொருள் படங்களில் இன்றுவரை இருக்கும் வழக்கம். வெளிச்சம் மேலேயிருந்துதான் வரும் என்று நம் மூளை எடுத்துக்கொள்கிறது. கீழேயிருந்து விளக்கடித்தால் பள்ளம் மேடாகத் தெரியும், மேடு பள்ளமாகத் தெரியும். நிலாவின் பள்ளங்களைத் தலைகீழாக வைத்துப் பார்த்தால் கொப்புளங்களாகத் தெரியுமே, அதே கதைதான்.

இதில் ஒரு சின்ன வட்டம் முடிகிறது. 1857இல் ஆப்பெழுத்தை உண்மையிலேயே படிக்க முடிகிறதா என்று சோதிக்க, ஒரே கல்வெட்டை நான்கு பேர் தனித்தனியாக மொழிபெயர்த்து மூடிய உறையில் கொடுத்தார்கள். ராலின்சன், ஹிங்க்ஸ், ஒப்பெர்ட் ஆகியோர் மூவர். நான்காவது ஆள் யார் தெரியுமா? நம் டால்பட். பீங்கான் அலமாரியைப் படமெடுத்த அதே டால்பட். நான்கும் பெருமளவு ஒத்துப்போயின.

நாணயத்துக்கு முகம் பார்க்கும் கண்ணாடி

அடுத்த தலைவலி உலோகம். நாணயம் சின்னது, ஏறக்குறையத் தட்டை, அதோடு பளபளப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டு நாணய அட்டவணைகளைப் புரட்டினால் படங்கள் தெளிவாக இருக்கும். ஆனால் அவற்றில் பல நாணயத்தின் படங்கள் அல்ல. நாணயத்திலிருந்து அச்செடுத்து வார்த்த பிளாஸ்டர் வார்ப்புகளின் படங்கள். கிரேக்க நாணயங்களுக்கான பிரிட்டிஷ் மியூசிய அட்டவணைகளில் இப்படித்தான் செய்தார்கள். பிளாஸ்டர் பளபளக்காது. தங்கம், வெள்ளி, பாசி பிடித்த செம்பு எல்லாமே ஒரே வெள்ளை நிறம். முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் அருகருகே அடுக்கி ஒரே தட்டில் எடுத்துவிடலாம். வெளிச்சத்தைச் சமாளிக்க முடியாமல் பொருளையே மாற்றிவிட்டார்கள்!

நாணயத்தை நேராக எடுக்கவும் ஒரு வழி உண்டு, இன்றும் அதைச் செய்கிறார்கள். லென்ஸுக்கும் நாணயத்துக்கும் நடுவில் ஒரு சாதாரணக் கண்ணாடித் துண்டை 45 டிகிரி சாய்வாகப் பிடிக்க வேண்டும். விளக்கு பக்கவாட்டில். வெளிச்சம் கண்ணாடியில் பட்டு நேர்க் கீழே நாணயத்தில் விழும். நாணயத்தின் சமதளம் அதை நேர் மேலே திருப்பி அனுப்பும். அது கண்ணாடியைக் கடந்து லென்ஸுக்குள் வரும். சமதளம் பிரகாசமாக, மேடுகளின் சரிவு இருட்டாக, எழுத்து பளிச்சென்று தெரியும். மற்ற எல்லோரும் எதிரொளிப்பை விரட்டப் பாடுபடும்போது, இவர்கள் அதையே வேலைக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

நம் ஊர் நாணயங்களுக்கு இது கைகொடுப்பது கம்மி. இரா. கிருஷ்ணமூர்த்தி கண்டறிந்த 'பெருவழுதி' என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த பாண்டிய நாணயத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தேய்ந்தும் அரித்தும் போன இப்படிப்பட்ட சங்க காலச் செப்பு நாணயங்களில் பளபளக்கும் சமதளம் என்று ஒன்று மிஞ்சியே இருக்காது. அங்கே சாய்வு வெளிச்சம்தான் ஒரே வழி. விளக்கைக் கொஞ்சம் நகர்த்தினால் ஒரு எழுத்து வரும், இன்னொரு எழுத்து போய்விடும்.

புறா, காசோலை, ராணுவக் கடிதம்

இதுவரை தரம். இனி எண்ணிக்கை. 3,140 எனக்குப் பெரிய எண். உலகத்துக்கு அது ஒன்றுமே இல்லை.

1870இல் பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டபோது, ரெனே டாக்ரோன் என்ற புகைப்படக்காரர் பாரிஸிலிருந்து பலூனில் தப்பி வெளியே போனார். மக்கள் அனுப்பிய செய்திகளை அச்சுக் கோத்துப் பக்கங்களாக்கி, அவற்றை நுணுக்கிப் படமெடுத்து, மெல்லிய படலத்தில் ஏற்றி, சுருட்டிப் புறாவின் வால் இறகில் கட்டி அனுப்பினார்கள். ஒரு புறா ஆயிரக்கணக்கான செய்திகளைச் சுமந்தது. பாரிஸில் அதை மாயவிளக்கு வைத்துச் சுவரில் பெரிதாக்கிக் காட்ட, குமாஸ்தாக்கள் உட்கார்ந்து படியெடுத்தார்கள். டிவியில் பெருசாகப் போட்டுப் பார்க்க நினைக்கும் மாமாவுக்கு முன்னோடிகள் இவர்கள்தான்.

1920களில் நியூயார்க்கில் வங்கி ஊழியரான ஜார்ஜ் மக்கார்த்திக்குக் காசோலைகள் பிரச்சினை. வாடிக்கையாளருக்குத் திரும்பப் போய்விடும் காசோலைக்கு வங்கியிடம் சாட்சி வேண்டும். அவர் செய்த கருவியில் காசோலை ஒரு பக்கம் உள்ளே ஓடும். அதே வேகக் கணக்கில் பிலிமும் ஓடும். வெளிச்சம் ஒரு குறுகிய இடைவெளியில் மட்டும் விழும். 1925இல் காப்புரிமை, 1928இல் கோடாக் நிறுவனம் அதை வாங்கி 'ரெக்கார்டாக்' என்ற பெயரில் விற்றது. இதில் எனக்குப் பிடித்த விஷயம்: முழுக் காசோலைக்கும் சமமான வெளிச்சம் தேவையே இல்லை. ஒரு கோட்டுக்கு மட்டும் சமமாக இருந்தால் போதும், காசோலைதான் நகர்கிறதே! இன்று மேஜை மேல் இருக்கும் ஸ்கேனரில் காகிதம் அசையாமல் கிடக்க விளக்கு நகர்கிறது. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு கோடு என்ற யோசனை அதேதான்.

இரண்டாம் உலகப் போரில் கடிதங்களுக்கும் இதே வைத்தியம். 1941இல் பிரிட்டன் 'ஏர்கிராஃப்' என்றும், 1942இல் அமெரிக்கா 'வி-மெயில்' என்றும் ஆரம்பித்தன. சிப்பாய்களின் கடிதங்களை மைக்ரோபிலிமில் எடுத்து, பிலிமை மட்டும் அனுப்பி, அங்கே மறுபடி காகிதத்தில் அச்சிட்டுக் கொடுப்பார்கள். 1,50,000 கடிதங்களுக்கு 37 மூட்டை தேவைப்பட்ட இடத்தில் ஒரு மூட்டை போதுமானது. ஆனால் கடிதத்தை அதற்கென்று அச்சிட்ட தாளில், அழுத்தமான மையில், பெரிய எழுத்தில் எழுதச் சொன்னார்கள். எண்ணிக்கை கூடும்போது பொருளைக் காமிராவுக்கு ஏற்றபடி வளைப்பது சுலபமாகிவிடுகிறது. பழைய சேகரிப்பை அப்படி வளைக்க முடியாது. வார்னிஷ் போட்டதும் போடாததும் ஒரே பக்கத்தில்தான் இருக்கும்.

நாற்பத்தைந்து டிகிரி

நடுவில் காமிரா கீழே பார்த்து நிற்க, இரு பக்கமும் 45 டிகிரியில் ஆளுக்கொரு விளக்கு. நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் கடைசியில் நிலைத்தது இந்த ஏற்பாடு. லைக்கா காமிராவுக்கான நகலெடுக்கும் ஸ்டாண்டுகள் 1930களிலேயே விற்பனைக்கு வந்துவிட்டன.

ஏன் 45? படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம். இடது விளக்கின் பளபளப்பு வலது பக்கமாக 45 டிகிரியில் வெளியே போய்விடும். நேர் மேலே இருக்கும் லென்ஸுக்கு அது தெரியாது. காகிதம் நாலாபக்கமும் சிதறடிக்கும் வெளிச்சம் மட்டும்தான் லென்ஸுக்கு வரும். அதுதான் நமக்கு வேண்டிய நிறம். என் டியூப் லைட் நேர் மேலே, தலைக்குப் பின்னால் இருந்தது. அதனால் அது லேபிளில் பட்டு நேராகக் காமிராவுக்கே வந்தது. இவ்வளவுதான் விஷயம். எட்டாம் வகுப்புப் பாடம்!

அப்படியும் வார்னிஷ் சுருங்கி மேடுபள்ளமான லேபிள்கள் அடங்காது. அதன் ஒவ்வொரு சுருக்கமும் ஒரு தனிக் கண்ணாடி, ஏதோ ஒன்று விளக்கைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கும். இதற்கு மருந்து தளவிளைவு. 1808இல் பிரெஞ்சுக்காரர் மாலுஸ், லக்சம்பர்க் அரண்மனை ஜன்னலில் எதிரொளித்த மாலை வெயிலை ஒரு படிகம் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். படிகத்தைத் திருப்பத் திருப்ப அதில் தெரிந்த வெயிலின் பிரகாசம் மாறியது. எதிரொளித்த ஒளி தளவிளைவுற்றது என்று அப்போது தெரிந்தது. ஆனால் பெரிய படிகத்துக்கு எங்கே போவது? 1929இல் எட்வின் லாண்ட் தாள் வடிவில் போலரைசர் செய்தபிறகுதான் இது சாதாரணப் புகைப்படக்காரரின் கைக்கு வந்தது. விளக்குகளுக்கு முன்னால் ஒரு தாள், லென்ஸில் அதற்குக் குறுக்காக ஒன்று. பளபளப்பு அடியோடு போய்விடும். போவது பளபளப்பு மட்டும் அல்ல, வெளிச்சத்திலும் பெரும்பகுதி போய்விடும். காமிராவை அசையாமல் ஸ்டாண்டில் மாட்டினால்தான் முடியும்.

நிறத்துக்கு வருவோம். மாமா சொன்ன செங்கல் சிவப்பு. வீட்டு டியூப் லைட்டின் ஒளியில் எல்லா நிறமும் ஒரே அளவில் இருக்காது. சிவப்பில் அது பலவீனம். இல்லாத சிவப்பைப் பிறகு கணினியில் எவ்வளவு ஏற்றினாலும் அசல் வராது. இதற்காகத்தான் படமெடுக்கும்போது நிறம் தெரிந்த ஒரு அட்டையையும் பக்கத்தில் வைக்கிறார்கள். 24 கட்டங்கள் கொண்ட மாக்பெத் அட்டை 1976இல் வந்தது. என்னிடம் அது இல்லை. மாமாவிடம் பேரேட்டில் ஒட்டாத உதிரி லேபிள்கள் இருந்தன. ஒன்றை டிவிக்குப் பக்கத்தில் பகல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு ஒப்பிட்டோம். சிவப்பு சரியாகும்வரை அவர் விடவில்லை.

நாங்கள் செய்தது

நண்பரிடம் 24 மெகாபிக்சல் காமிரா இரவல் வாங்கினேன். பழைய தையல் மேஜைக்கு மேல் பலகையைக் குறுக்கே போட்டு, காமிராவைக் கீழே பார்க்க மாட்டினேன். நிறம் நன்றாகக் காட்டும் எல்.இ.டி. பல்புகள் இரண்டு, முன்னால் ட்ரேசிங் பேப்பர், ஒன்றரை மீட்டர் தள்ளி, 45 டிகிரியை விடச் சற்றுத் தாழ்வாக. ஜன்னலுக்குப் போர்வை. கூடத்து விளக்கை அணைத்தாயிற்று. காமிராவின் சொந்தப் பளபளப்பே வார்னிஷில் தெரிந்ததால், நடுவில் ஓட்டை போட்ட கறுப்பு அட்டையை லென்ஸில் மாட்டினேன்.

ஒவ்வொரு லேபிளாக எடுக்க வேண்டுமா என்று பயந்தேன். கணக்குப் போட்டால் தேவையில்லை. 33 செ.மீ. நீளப் பக்கத்துக்கு 6,000 புள்ளி என்றால், செ.மீ.க்கு 180 புள்ளி. ஐந்து செ.மீ. லேபிளுக்கு 900 கிடைக்கும். டிவியில் பாதித் திரைக்குப் போதும். ஆக மொத்தம் 262 படங்கள். இடத்தை ஒருமுறை குறித்துக்கொண்டு பேரேட்டைத் திருப்பித் திருப்பி எடுப்பதுதான். ஒரு பகல் வேலை. (பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஐம்பது லட்சத்துக்கு மேல் உலர்தாவரத் தாள்களை இதே தத்துவத்தில்தான் எடுத்தார்கள். விளக்கும் காமிராவும் அசையவில்லை, தாள்கள் நகரும் பட்டையில் வந்துகொண்டிருந்தன.)

சாயங்காலம் விளக்குகளைக் கழற்றும்போதுதான் அது நடந்தது. ஒரு விளக்கை அணைத்துவிட்டு, இன்னொன்றை மேஜை மட்டத்துக்கு இறக்கி வைத்திருந்தேன். பேரேடு திறந்தே கிடந்தது. லேபிள்களுக்குக் கீழே வெற்றுக் காகிதத்தில் ஏதோ எழுத்து மாதிரி வரிகள்.

மாமாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். முதலில் ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் எந்த ஊர், எந்த வருஷம் என்று பென்சிலில் எழுதியிருக்கிறார். பிற்பாடு மிருகம், சாமி, தலைவர்கள் என்று வகை பிரித்து வைக்கத் தோன்றியதும், பக்கம் சுத்தமாக இருக்கட்டும் என்று ரப்பர் போட்டு எல்லாவற்றையும் அழித்துவிட்டார். "புத்தி இல்லாம பண்ணிட்டேன் மாப்ளே. எங்க கிடைச்சதுன்னு தெரிஞ்சாத்தான் அதுக்கு மதிப்பு. அப்ப யாரு சொன்னா?"

சிவகாசித் தீப்பெட்டித் தொழிலின் கதை நமக்குத் தெரியும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தொழில் கற்று, 1923இல் இங்கே ஆரம்பித்தது. அதுவரை ஸ்வீடனும் ஜப்பானும்தான் நமக்கு நெருப்புக் கொடுத்தன. ஆனால் எந்த லேபிள் எந்த வருஷம் எந்த ஊர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது என்பதை எந்தத் தொழிற்சாலைக் கணக்கும் சொல்லாது. பெட்டிக்கடை வாசலில் நின்று பொறுக்கிய ஒரு பையனின் பென்சில் குறிப்பு சொல்லும்.

பென்சிலின் கரி போய்விட்டது. அழுத்தின பள்ளம் போகவில்லை. களிமண் பலகை மாதிரியேதான். மறுநாள் 262 பக்கத்தையும் மறுபடி எடுத்தேன். இம்முறை ஒரே விளக்கு, மேல் இடது பக்கம், மேஜையோடு மேஜையாக, பத்து டிகிரிக்கும் குறைவான சாய்வில். லேபிள்கள் அசிங்கமாகத் தெரிந்தன, பசைக் கட்டிகூட மலை மாதிரி நிழல் போட்டது. ஆனால் எழுத்து வந்தது. வராத இடங்களில் விளக்கை வலப்பக்கம் மாற்றி மூன்றாவது படம்.

இந்த விளக்கு மாற்றும் வேலையைக் கணினியிடம் கொடுத்துவிடும் முறையும் இருக்கிறது. 2001இல் எச்.பி. ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டரும் சகாக்களும் அறிவித்தது. காமிராவை அசைக்காமல், பல திசைகளிலிருந்து விளக்கடித்துப் பல படங்கள் எடுத்துச் சேர்த்துவிட்டால், பிறகு திரையில் விளக்கை எங்கே வேண்டுமானாலும் நகர்த்திப் பார்க்கலாம். 2005இல் ஏதென்ஸ் போய், கடலடியில் கிடைத்த ஆன்டிகித்தெரா இயந்திரத்தின் அரித்துப்போன எழுத்துகளை அப்படித்தான் எடுத்தார்கள். எனக்கு மூன்று படமே போதுமாக இருந்தது.

3,140இல் சுமார் எழுநூறு குறிப்புகளை என்னால் படிக்க முடிந்தது. பாதி, ஊர்ப் பெயரின் முதல் இரண்டு எழுத்து மட்டும். சேகரிப்பாளருக்கு அந்தப் பட்டியலை அனுப்பினேன். பேசின விலையைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார். இரண்டு பேரேடு போய்விட்டது. மீதி மூன்றையும் பிரிக்காமல் ஏதாவது நூலகத்துக்குக் கொடுக்கலாம் என்று மாமாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி ஆளாகச் சேர்த்ததெல்லாம், அவர் 1992இல் மறைந்த பிறகு சிதறாமல் ஒரே இடத்துக்குப் போனதால்தான், 1994இல் சென்னையில் ஒரு நூலகமாயிற்று. மாமா இன்னும் பதில் சொல்லவில்லை. ஊசி எத்தனை ஆகும் என்று தெரிந்தபிறகு பார்க்கலாம் என்கிறார்.

இப்போது சனிக்கிழமைகளில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து பட்டியலைச் சரிபார்க்கிறோம். நான் படித்துச் சொல்வேன், அவர் ஓரக்கண்ணால் படத்தைப் பார்ப்பார். போன வாரம் ஒரு மயில் படம் வந்தது. கீழே 'விரு' என்று மட்டும் தெரிந்தது, பக்கத்தில் 62. விருதுநகர் என்று எழுதி வைத்திருந்தேன்.

"விருதுநகர் இல்ல. அது விருத்தாசலம். அக்கா கல்யாணத்துக்குப் போறப்ப வண்டி நின்னுச்சு, டீக்கடைக்காரர் தூக்கிப் போட்ட பெட்டி" என்றார் மாமா.

மாற்றி எழுதினேன்.